வழுதுணை முதல் பிரிஞ்சால் வரை

தமிழர் இல்லங்களில் அடுப்பேறும் காய்களுள் கத்தரிக்காய்க்குத் தனி இடம் உண்டு. விருந்து நாளிலும் அது வேண்டும். விருந்து முடிந்த மறுநாள் எளிய சோற்றுக்கும் அது வேண்டும். இத்துணைப் பழகிய பொருளாதலின் அதன் பெயரைப் பற்றி நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. மன்னர் பெயர்களுக்கும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுக்குமே வரலாறு உண்டு என்பது பள்ளிப் பாடம் நம் மனத்தில் பதித்துவிட்ட எண்ணம். காய்கறிக் கூடையில் கிடக்கும் ஒரு பெயருக்கும் வரலாறு உண்டு. அதுவும் பாலைவனம் கடந்து, கடல் கடந்து, புறப்பட்ட நாட்டிற்கே மீண்டு வந்த வரலாறு உண்டு.

கரக்பூரில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. கோல் பஜாரில் ஒரே கூடைக் காயை வங்காளத்தார் ‘பேகுன்’ என்பர். ஒடியா பேசுவோர் ‘பாயிகண’ என்பர். இந்தி பேசுவோர் ‘பைங்கன்’ என்பர். பெங்கால் நாகபுரி ரயில்வேயின் காலந்தொட்டு நம்மோடு அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வாழ்ந்துவரும் ஆந்திரக் குடும்பத்தார் ‘வங்காய’ என்பர். பள்ளிக்கூடத்தில் நம் குழந்தைகளுக்குப் படம் காட்டிக் கற்பிக்கும் பெயர் ‘பிரிஞ்சால்’. வீட்டில் நாம் சொல்லுவது ‘கத்தரிக்காய்’. இவ்வாறு ஒரு காய்க்கு ஆறு பெயர் கேட்டு வளரும் பிள்ளைகள் தம்மை அறியாமலே அப்பெயர்களுக்குள் உயர்வு தாழ்வு வகுத்துக்கொள்ளுகின்றனர். பிரிஞ்சால் என்பது படித்தவர் சொல், பைங்கன் என்பது கடைச்சொல், கத்தரிக்காய் என்பது பாட்டியிடம் மட்டும் சொல்லுவதற்குரிய சொல் என்று அவர்கள் கருதத் தொடங்கிவிடுகின்றனர். அக்கருத்து எவ்வளவு பொருந்தாதது என்பதை அப்பெயர்களின் வரலாறே காட்டும்.

பழந்தமிழ்ப் பெயர்

கத்தரி என்பது இன்று தமிழகம் முழுதும் வழங்கும் பெயர். ஆயினும் தமிழில் இக்காய்க்கு வேறொரு பழம்பெயரும் உண்டு. வழுதுணை, வழுதலை என்பன அவை. 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் இவ்விரு வடிவங்களையும் காணலாம். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று, புல்வேளூர்ப் பூதன் என்னும் ஏழை உழவன் இட்ட உணவைப் போற்றுகிறது. வரகுச் சோறும் மோரும் கத்தரிக்காயுமே அவன் அன்போடு படைத்தவை. உலகத்தையே கொடுத்தாலும் அவ்வுணவுக்கு ஈடாகாது என்பது பாட்டின் கருத்து. அங்கே அக்காய்க்கு அவர் இட்ட பெயர் வழுதுணங்காய் என்பதே.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம். ஐந்து சிறு வேர்கள் என்பது அப்பெயரின் பொருள். அவ்வைந்து மருந்து வேர்கள் யாவை எனின், கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்பர். இவ்வரிசையில் கத்தரி என்னும் சொல்லும் வழுதுணை என்னும் சொல்லும் அடுத்தடுத்து நிற்றலைக் காண்க. முள்ளுடைய ஓரினச் செடிகளைக் குறித்து இரு பெயர்களும் தமிழில் உடன் வாழ்ந்திருக்கின்றன. பின்னர்ச் சமையலறையில் கத்தரி நிலைபெற, வழுதுணை ஏட்டளவில் ஒதுங்கியது.

ஆனால் அது அடியோடு மறையவில்லை. நாஞ்சில் நாட்டார் இன்றும் வழுதலங்காய் என்று சொல்லக் கேட்கலாம். திருவிதாங்கூர் ஆட்சியில் நெடுங்காலம் இருந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நிலப்பகுதி அது. எல்லைக்கு அப்பால் மலையாளிகள் வழுதன, வழுதனங்ங என்கின்றனர். நம்மவருள் பெரும்பாலோர் கைவிட்ட பழஞ்சொல்லை அண்டை வீட்டார் நாள்தோறும் வாணலியில் இட்டு வதக்குகின்றனர்.

கன்னடத்தில் இக்காய் பதனே எனப்படும். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் பகரம் பெறுதல் இயல்பு. நம் ‘வேர்’ அங்கே ‘பேரு’. நம் ‘வா’ அங்கே ‘பா’. அவ்வாறே வழுதுணையின் உறவுச்சொல் பதனே ஆயிற்று. தெலுங்கின் வங்காய என்பது வங்க என்பதோடு காய் என்பது சேர்ந்த சொல். பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியில் இந்நான்கு மொழிச் சொற்களும் ஓரினமாகத் தொகுக்கப் பெற்றுள்ளன.

வடக்கே வழங்கிய பெயர்

கத்தரிக்காய் நம் நாட்டுக்குப் புதியதன்று. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இங்கு வந்தவை. கத்தரியோ இம்மண்ணில் பன்னெடுங்காலமாக இருப்பது. ஹரியாணாவில் ரோத்தக் மாவட்டத்திலுள்ள பர்மானா என்னும் ஊரில் சிந்துவெளி நாகரிகக் காலத்துக் குடியிருப்பு ஒன்று அகழப்பட்டது. அங்குக் கிடைத்த பாண்டங்களில் ஒட்டியிருந்த மாவுத் துகள்களை ஆராய்ந்தோர், கத்தரிக்காய், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் அடையாளம் கண்டனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்காய் சட்டியில் வெந்திருக்கிறது.

வடமொழியில் இதற்கு வார்த்தாகம், விருந்தாகம், பண்டாகி எனப் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் நம் கதைக்கு வேண்டியது வாதிங்கணம் என்பது. வாதம் என்னும் சொல்லோடு இயைத்து அதற்குப் பொருள் உரைத்தாரும் உளர். ஆயினும் அது வேற்று மொழியிலிருந்து பெற்ற சொல்லுக்குப் பின்னர்ப் பொருத்திய விளக்கம் என்பது மொழி நூலார் பலர் துணிபு. திராவிட மொழிகளின் வழுதுணை, வங்க என்பவற்றோடு அவர்கள் அதனை உறவுபடுத்துவர். முண்டா மொழிகளின்பால் நோக்குவாரும் உளர். வாதிங்கணம் பிராகிருதத்தில் தேய்ந்து, வகரம் பகரமாகி, இந்தியில் பைங்கன் ஆயிற்று. வங்காளத்துப் பேகுனும் ஒடியாவின் பாயிகணவும் மராத்தியின் வாங்கியும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஆகவே கோல் பஜாரில் நாம் கேட்கும் பைங்கனும் பேகுனும் வங்காயவும் முற்றும் அயலான பெயர்கள் அல்ல. நம் வழுதுணங்காயின் உறவினர் அவை. பன்னூறு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தமையால் முகச்சாயல் மாறிப் போயிற்று, அவ்வளவே.

மேற்றிசைப் பயணம்

பாரசீகர் இக்காயையும் பெயரையும் இந்தியாவிலிருந்து பெற்றுப் பாதிங்கான் என்றனர். அரபியர் அதனைப் பாதிஞ்ஜான் ஆக்கினர். பாக்தாதில் ஆண்ட காலிஃபா அல்-மாமூன் 825ஆம் ஆண்டில் பூரான் என்னும் பெருமாட்டியை மணந்தார். அவ்வம்மையார் பெயரால் பூரானிய்யா என்னும் கத்தரிக்காய் உணவு அரபு நாடுகளில் புகழ்பெற்றது. பின்னர் அதுவே ஸ்பெயின் வரை சென்று ‘அல்போரோனியா’ என வழங்கலாயிற்று.

ஸ்பெயினுக்கு அது சென்றது எவ்வாறு எனின், 711ஆம் ஆண்டில் முஸ்லிம் படைகள் வட ஆப்பிரிக்காவிலிருந்து அந்நாட்டில் புகுந்தன. அவ்வாட்சிக் காலத்தில் கீழ்நாட்டுப் பயிர்கள் பல அங்கு வேரூன்றின. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்தில் வாழ்ந்த இப்னு அல் அவ்வாம் என்பவர் தம் வேளாண்மை நூலில் கத்தரியில் நால்வகை கூறியுள்ளார். அரபுச் சொல் ஸ்பானிய மொழியில் பெரெங்ஹேனா என்றும், போர்ச்சுகீசியத்தில் பெரிஞ்ஜெலா என்றும் திரிந்தது. அரபு மொழியில் பெயர்க்கு முன் ‘அல்’ என்னும் சுட்டு வருவதுண்டு. அச்சுட்டோடு சேர்த்தே எடுத்துக்கொண்ட கட்டலான் மொழியினர் அல்பெர்ஜினியா என்றனர். பிரெஞ்சுக்காரர் அதனை ஓபெர்ஜீன் ஆக்கினர். இங்கிலாந்து மக்கள் இன்று வழங்கும் பெயரும் அந்த ஓபெர்ஜீனே.

இத்தாலியில் அதற்கு வேறு விதி நேர்ந்தது. அங்குச் சென்ற பெயர் மெலன்ஸானா என்று உருமாறிற்று. பொருள் விளங்காத சொல்லை மக்கள் சும்மா விடுவதில்லை. தமக்குத் தெரிந்த சொற்களாகப் பிரித்துப் பார்ப்பர். ‘மேலா இன்ஸானா’, அதாவது பைத்தியக்கார ஆப்பிள், என்று அதற்குப் பொருள் கொண்டு, அதை உண்டால் சித்தம் கலங்கும் என்றும் அஞ்சினர். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கு அறிவியற் பெயர் சூட்டியபோது கத்தரிக்குச் சோலானம் மெலோஞ்ஜினா என்று பெயரிட்டார். அதன் பின்பாதியும் அந்தப் பாதிஞ்ஜானின் திரிபே. துருக்கியில் பட்லிஜான், ரஷ்யாவில் பக்லஜான் என அதன் வழித்தோன்றல்கள் இன்னும் உள.

பார்சல் அலுவலகத்தில் பணியாற்றுவோர் இதனை எளிதில் உணர்வர். தொலைவு செல்லும் மூட்டையை ஒவ்வொரு சந்திப்பிலும் இறக்கி ஏற்றும்போது அதன்மேல் எழுதிய எழுத்துச் சற்றே தேயும். அடுத்த நிலையத்தார் தமக்குப் படிந்தவாறு திருத்தி எழுதுவர். மூட்டைக்குள் இருக்கும் சரக்கோ மாறுவதில்லை.

திரும்பி வந்த பெயர்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கினார். 1510இல் கோவா போர்ச்சுகீசியர் வசமாயிற்று. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் நம் கடற்கரைத் துறைமுகங்களில் வணிகப் பேச்சுக்குப் போர்ச்சுகீசியமே பொதுமொழியாக நின்றது. சன்னல், அலமாரி, சாவி, மேசை முதலிய சொற்கள் அக்காலத்தில் தமிழில் புகுந்தவை. பின்வந்த ஆங்கில வணிகர் தம் நாட்டில் அதிகம் பழகாத இக்காயை இங்குக் கண்டனர். அதற்குப் போர்ச்சுகீசியர் வழங்கிய பெரிஞ்ஜெலா என்ற பெயரையே 17ஆம் நூற்றாண்டில் எடுத்துத் தம் நாவுக்கேற்பப் பிரிஞ்சால் ஆக்கிக்கொண்டனர்.

ஆகவே, பள்ளியில் நம் பிள்ளைகள் ஆங்கிலம் என்று எண்ணிப் படிக்கும் பிரிஞ்சால், இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடு, போர்ச்சுகல் எனச் சுற்றி, கப்பலேறித் திரும்பிய பழம்பெயரே. இலண்டன் கடையில் ஓபெர்ஜீன் என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் கடையிலோ, முட்டைபோல் வெண்மையாகக் காய்த்த ஒருவகையைக் கண்டு இட்ட ‘எக்பிளாண்ட்’ என்ற பெயர்தான் செல்லும். பிரிஞ்சால் என்பது இந்தியாவிலும் மலேசியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலும் வழங்கும் ஆங்கிலம்.

தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் சொற்களஞ்சியம் இக்கதையை விரித்துரைக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் இதே சொல் ‘பிரவுன்-ஜாலி’ எனச் சிதைந்து வழங்கியதும் அதில் காணப்படும். அத்தீவுகளுள் ஒன்றான டிரினிடாடில் 1845ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொழிலாளர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் பைகன் என்ற பெயரைத் தம்மோடு எடுத்துச் சென்றனர். அங்கு முன்னரே பிரெஞ்சுக் குடியேறிகள் வழிவந்த மெலோஞ்ஜீன் என்ற பெயர் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து மேற்கே ஒருவனும் கிழக்கே ஒருவனும் புறப்பட்டு, உலகின் மறுகோடிச் சந்தையில் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் அடையாளம் அறியாமற்போனதை ஒக்கும் இது.

நம் அடுக்களையிலும் இத்தகைய சந்திப்பு ஒன்று உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து இல்லங்களில் கத்தரிக்காயைக் கொண்டு ரசவாங்கி செய்வர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1855 வரை தஞ்சையில் மராத்திய மன்னர் ஆட்சி நிலவியது. அவர்கள் மொழியில் வாங்கி என்பது கத்தரிக்காய். தமிழ்நாட்டில் வழுதுணையாக வாயில்வழி வெளியேறிய பெயர், வாங்கியாகச் சமையலறை வழியே உள்ளே வந்து அமர்ந்துகொண்டது.

வழக்கில் கத்தரி

பெயரின் பிறப்பைக் கண்டோம். இனி அதன் வழக்கையும் காண்போம். ‘கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்தே தீரும்’ என்பது பழமொழி. மறைத்த செய்தி ஒருநாள் வெளிப்படும் என்பதற்கு இதைக் கூறுவர். ஒன்றை மதியாது பேசுங்கால் ‘கல்யாணமாவது, கத்தரிக்காயாவது’ என்று மோனை கூட்டி ஒதுக்குதலும் உண்டு. எளிதில் கிடைக்கும் பொருளுக்கு உலகம் தரும் மரியாதை அத்தகையது போலும்!

பிற மொழியாரும் நம்மைப் போலவே இக்காயை வைத்து விளையாடியுள்ளனர். நிலையில்லாமல் கட்சி மாறுவோனை இந்தியில் தாலத்தில் வைத்த பைங்கன் என்பர். எப்பக்கம் சாய்த்தாலும் அப்பக்கம் உருளும் அன்றோ! வங்காளிகள் பேகுன் என்பதைப் பிரித்து, ‘பே-குண்’, அதாவது குணமற்றது என்று நகையாடுவர். அவ்வாறு நகையாடிக்கொண்டே பேகுனியை எண்ணெயில் பொரித்து உண்பர். அரசர் கத்தரிக்காயைப் புகழ்ந்தபோது தாமும் புகழ்ந்து, இகழ்ந்தபோது தாமும் இகழ்ந்த பீர்பால், ‘நான் தங்களுக்கு ஊழியனேயன்றிக் கத்தரிக்காய்க்கு ஊழியன் அல்லேன்’ என்று விடையிறுத்த கதை யாவரும் அறிந்தது.

நிறத்தைக் குறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தியில் பைங்கனி என்றும் வங்காளியில் பேகுனி என்றும் ஊதா நிறத்தைச் சொல்லுவர். அவர்கள் காயின் நிறத்தைக் கொண்டனர். தமிழ்ப் பெண்டிரோ புடைவைக் கடையில் கத்தரிப்பூ நிறம் கேட்பர். காய் பறிக்கும் முன்னரே செடியருகில் நின்று பூவைப் பார்த்த கண் அது. ஒரு மொழி தன் மக்கள் கண்ட காட்சியைச் சொல்லுக்குள் வைத்துக் காத்து வருதற்கு இஃதொரு சான்று. பைங்கனி என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளும் பெண்குழந்தை கத்தரிப்பூ நிறம் என்பதை மறந்தால், இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. அந்தப் பூவைக் கண்ட கண்ணையும் இழக்கிறாள்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? தமிழே உலகுக்குக் கத்தரிக்காயைப் பெயரிட்டுக் கொடுத்தது என்று மார்தட்ட இதனை எடுத்துக்கொள்ளலாகாது. வழுதுணையும் வங்காயவும் பதனேயும் உடன்பிறந்தவை. அவற்றுள் ஒன்று மட்டும் தாய் என்று வழக்காடுதல் பொருந்தாது. அதனைவிட, நம் பழம்பெயரை நாமே பெரும்பாலும் கைவிட்டோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. வழுதுணையை எந்தப் பகைவனும் வந்து பறித்துச் செல்லவில்லை. அதற்கு எதிராக எவ்வாணையும் பிறக்கவில்லை. வீடுகளில் சொல்லுவது குறைந்தது. ஆகவே அது மறைந்தது. நாஞ்சில் நாட்டிலும் மலையாள நாட்டிலும் தாய்மார் சொல்லுவதை நிறுத்தவில்லை. ஆகவே அங்கு வாழ்கிறது. அகராதியில் இடம்பெற்றதனால் மட்டும் ஒரு சொல் உயிரோடிருப்பதில்லை.

தாய்நாடு விட்டு வந்து வாழும் நமக்கு இது பெரிதும் பொருந்தும். ஆண்டுக்கொரு முறை மேடையில் தமிழின் தொன்மையைப் புகழ்ந்து கைதட்டிக் கலைதல் எளிது. மற்ற நாட்களில் சோறு பரிமாறும்போது என்ன சொல்லுகிறோம் என்பதன்மேல்தான் அடுத்த தலைமுறையின் தமிழ் நிற்கிறது. பள்ளியில் பிரிஞ்சால் என்று எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான். கடையில் பேகுன் என்றோ பைங்கன் என்றோ கேட்கட்டும். அண்டை அயலார் மொழியைப் பேசுதல் பண்பு. பிழைப்புக்கும் அது வழி. வீட்டிலோ கத்தரிக்காய் என்று சொல்லட்டும். ஒரே குழந்தையின் நாவில் இம்மூன்றும் இடையூறின்றி வாழும்; நம் காலனிப் பிள்ளைகளே அதற்குச் சான்று. ஒன்று வருவதற்காக மற்றொன்று வெளியேற வேண்டுவதில்லை.

நம் சங்கத்தில் தமிழ் பயிலும் சிறுவர் சிறுமியர்க்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒவ்வொருவரும் பத்துக் காய்கறிகளின் பெயர்களைத் தாய், பாட்டி ஆகியோரிடம் தமிழில் கேட்டெழுதி, அண்டை வீடுகளில் தெலுங்கு, வங்காளம், ஒடியா, இந்தி, மலையாளம் ஆகிய மொழிகளிலும் கேட்டெழுதி வரட்டும். பின்னர் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். எவை உறவு, எவை அயல், எவை கப்பலேறி வந்தவை என்று அவர்களே உய்த்துணரத் தொடங்குவர். புளி முதல் புடலை வரை ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பயணம் இருக்கும். அவ்வேலைக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் குழந்தை, வழுதனங்ங என்று ஒரு மலையாளப் பாட்டி சொல்லக் கேட்டு, நம் பழந்தமிழ்ப் பெயரை நமக்கே மீட்டுக்கொண்டு வந்து சேர்க்கவும் கூடும்.